ஒரே நேரத்தில் இரண்டு கத்தி

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் அவருடைய அம்மா போன பிறகு அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ஊருக்கெல்லாம் அவர் மைக். வேன் கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் அறிவிப்புச் சொல்வதுதான் தொழில். நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது, புதிய செருப்புக் கடை திறக்கிறார்கள், பழுப்பு நிற நாய் ஒன்றைக் காணவில்லை, எதுவானாலும் ஒரே ஏற்ற இறக்கத்தோடு சொல்வார். வேனை ஓட்டுவது மனைவியின் தம்பி. மச்சான் ஓட்டுவான், மைக் பேசுவார். வேனுக்குள் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது குறைவு. ஒருவருக்குப் பேசிப் பேசி வாய் வலிக்கும், இன்னொருவனுக்குக் கேட்டுக் கேட்டுக் காது அடைத்துப் போயிருக்கும்.

கூலிக்குப் பேசுகிற வாய்தான். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவார், நேற்று திட்டியவரை இன்று வாழ்த்துவார், அதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. ஒரு விஷயத்தை மட்டும் அவர் கூலி வாங்காமல் பேசினார். நாடு இரண்டாகப் பிரிய வேண்டும் என்பதுதான் அது. யாரும் கூப்பிடாத நாட்களிலும் சொந்தமாகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்ப் பேசினார்.

பைத்தியக்காரப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. நாட்டின் நடுவே ஓர் ஆறு. இந்தப் பக்கம் இக்கரை, அந்தப் பக்கம் அக்கரை. இக்கரைக்காரர்கள் ஆட்சிக்கு வந்தால் அக்கரையில் கடையடைப்பு, அவர்கள் வந்தால் இங்கே. ஒருவர் போட்ட சட்டத்தை அடுத்தவர் வந்து முதல் வேலையாகக் கிழித்துப் போடுவார். பள்ளிக்கூடப் புத்தகத்தை மாற்றி மாற்றி, ஒரே வீட்டில் அண்ணன் படித்த சரித்திரம் ஒன்று, தம்பி படித்த சரித்திரம் வேறொன்று என்று ஆகிவிட்டது. மைக் கேட்ட கேள்வி நியாயமானதுதான். பிடிக்காத இரண்டு பேரை எத்தனை காலம் ஒரே வீட்டில் அடைத்து வைப்பீர்கள்? அடிதடி ஆவதற்கு முன்னால் கைகுலுக்கிப் பிரிந்தால் யாருக்கு நஷ்டம்? அவர் எந்தக் கூட்டத்திலும் யாரையும் அடிக்கச் சொன்னதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தப் பேச்சு எடுபடாத இடம் ஒன்றுதான், அவருடைய வீடு. மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவள். தெருவில் அவளை டெய்லர் அக்கா என்பார்கள். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே மனிதரை மூக்குடைப்பாள். சமையலறை பல்பு ஃபியூஸ் ஆகி ஒரு மாதமாகிறது, அதை மாற்றத் துப்பில்லை, நாட்டை மாற்றப் போகிறாராம் என்பாள். அவர் சிரித்துக்கொண்டே பல்பை மாற்றுவார். மறுநாள் வேன் கிளம்பிவிடும்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. முதலில் கால் வீங்கியது, செருப்பு கடிக்கிறது என்றாள். பிறகு முகம் வீங்கியது, தூக்கம் போதவில்லை என்றாள். தையல் மிஷின் மேலேயே ஒரு நாள் தலையைச் சாய்த்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிற அந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துதான் மைக் முதன்முதலாக மணிக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்தார். என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் சொன்னார். சோதித்துப் பார்த்தார்கள். அவருடைய ரத்த வகை அவளுக்கு ஆகாது. மச்சானுக்குச் சர்க்கரை வியாதி, அவன் கணக்கிலேயே வரமாட்டான்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் மாற்றுச் சிகிச்சைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெரிய நர்ஸம்மா ஒரு வழி சொன்னார். இதே மாதிரி அக்கரையில் ஒரு தம்பதி இருக்கிறார்கள். அந்த மனைவிக்குச் சிறுநீரகம் வேண்டும், கணவருடையது பொருந்தவில்லை. ஆனால் அவருடையது இவளுக்குப் பொருந்துகிறது, மைக்கினுடையது அந்த அம்மாளுக்குப் பொருந்துகிறது. ஆளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. கொடுக்கிறவன் கடைசி நிமிஷத்தில் மாட்டேன் என்றால் அவனைக் கட்டாயப்படுத்த உலகத்தில் எந்தச் சட்டமும் இல்லை. தன் மனைவிக்கு வாங்கிக்கொண்ட பிறகு ஒருவன் நழுவிவிட்டால் மற்றவள் கதி அதோகதி. அதனால் இரண்டு ஆஸ்பத்திரியிலும் டாக்டர்கள் போனில் பேசிக்கொண்டே, கொடுக்கிற இருவரையும் ஒரே நேரத்தில் மயக்கி, ஒரே நேரத்தில் கத்தி வைப்பார்கள். எடுத்ததைப் பெட்டியில் வைத்துப் பாலத்தின் வழியாக அனுப்பிக்கொள்வார்கள்.

மைக் தயங்கினார். கத்தியை நினைத்து அல்ல, அக்கரையை நினைத்து. வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அவள் இரும ஆரம்பித்ததும் அவருடைய வெட்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எந்தக் கரையிலிருந்து வந்தால் என்ன, வரட்டும் என்று சம்மதித்தார்.

கொடுக்கிறவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது என்பது விதி. ஆனால் சோதனைக்கூடத்தில் யாரோ தூங்கிவிட்டார்கள் போலிருக்கிறது, இருவரையும் ஒரே காலையில் வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு முழு நாள் போன சிறுநீரைச் சேர்த்துப் பிளாஸ்டிக் கேனில் கொண்டுவர வேண்டும். மைக் தன் கேனை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு மனிதர் வந்து உட்கார்ந்தார், அவர் மடியிலும் அதே கேன். இருவரும் கேனைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்குமேல் யாரும் யாருக்கும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கட்டிடம் கட்டிடமாக ஏறி இறங்கி, சிக்கிக்கொண்ட ஜனங்களை வெளியே எடுத்துவிடுகிற வேலை. தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். நீங்கள் மனசு கோணக்கூடாது, நான் நாடு பிரிய வேண்டும் என்கிற கட்சி என்றார். மைக் கேனோடு எழுந்து நின்றுவிட்டார். நானும்தான் என்றார். அடடா, அப்புறம் என்ன. பிறந்ததிலிருந்து பழகினவர்கள் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள். உங்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லை, எங்களுக்கு உங்களைப் பிடிக்கவில்லை, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்க, அதையேதான் நானும் சொல்கிறேன் என்று மற்றவர் சொல்ல, இருவர் கண்ணிலும் தண்ணீர் வராத குறை.

பிறகு லிஃப்ட்காரர், பிரிந்த பிறகு பாலம் எங்களுக்கு வரும் இல்லையா என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டார். அது எப்படி உங்களுக்கு வரும் என்றார் மைக். கட்டியது எங்கள் ஆட்கள் என்றார் அவர். சிமென்ட் எங்களுடையது என்றார் இவர். குரல் ஏறியது. மைக்கின் குரல் ஏறினால் கேட்க வேண்டுமா, மாடியிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இருவரும் கேனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையில் பெரிய நர்ஸம்மா ஓடிவந்தார்.

"நாட்டைப் பிரிக்கிறது அப்புறம். ரெண்டு பேரும் முதல்ல கேனை மூடுங்க."

மூடிவிட்டு ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். போகும்போது லிஃப்ட்காரர் மட்டும் திரும்பிவந்து, உங்கள் வீட்டம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை, உங்கள் வீட்டில் என்று மைக் கேட்டார். அப்படியேதான் என்றார் அவர்.

பிரிவதா சேர்ந்திருப்பதா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்த அரசாங்கம் ஒத்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டியது. நாள் குறித்த பிறகு டெய்லர் அக்காவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. உடம்பில் கிருமி இருக்கும்போது கத்தி வைக்க முடியாது என்று தள்ளிப் போட்டார்கள். தள்ளிய தேதி வாக்கெடுப்பைத் தாண்டிப் போய் விழுந்தது. நாடு பிரிந்தால் இந்த மாற்று ஏற்பாடு நிற்குமா நிலைக்குமா, எனக்கே தெரியாது என்று சர்ஜன் கையை விரித்தார். வேறு பொருத்தம் கிடைக்கும்வரை அவள் தாங்குவாளா என்று மைக் கேட்டதற்கு, அவர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மறுபடி மூடினார்.

கடைசிப் பிரசாரக் கூட்டத்தில்தான் அந்த வினை நடந்தது. மைக்குக்குத் தொழில் தந்த கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. கூட்டத்திலிருந்து ஒரு கேள்வி வந்தால் அவர் யோசிப்பதற்கு முன்னால் வாய் பதில் சொல்லிவிடும், கைதட்டல் வாங்குகிற மாதிரியான பதிலாகவும் சொல்லிவிடும். பிரிந்த பிறகு அவர்களுக்கு என்ன கொடுப்போம் என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். மைக்கின் வாய் சொன்னது: "ஒரு நகத்துண்டுகூடக் கொடுக்க மாட்டோம்." மேடை அதிர்ந்தது. பாதி வார்த்தையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, என்ன செய்வது, வாய் மீதிப் பாதியையும் முடித்துவிட்டது. யாரோ போனில் படம் பிடித்திருந்தான். பொழுது சாய்வதற்குள் அது ஆற்றைத் தாண்டிவிட்டது.

வீட்டுக்குப் போனால் மனைவி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலேயே, நகம் வேண்டாங்க, அவங்க கேட்டது கிட்னி என்றாள்.

வாக்கெடுப்பு அன்று அவளை மச்சான் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட வைத்தான். பிறகு அவளை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனார்கள். மைக் அதற்கப்புறம்தான் சாவடிக்குப் போனார். வரிசையில் நின்றவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள், சிலர் முதுகில் தட்டினார்கள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார். சீட்டில் இரண்டே கட்டம். பிரியலாம், சேர்ந்திருக்கலாம். பிரியலாம் என்பதற்காக அவர் தொண்டை கிழிந்ததெல்லாம் பொய் இல்லை, அந்த நிமிஷத்திலும் அதுதான் சரி என்று அவர் நம்பினார். ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று வேறொருவனாக இருந்தால் தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பான். இவரோ, ஒவ்வொரு ஓட்டும் நாட்டின் தலையெழுத்தைத் திருப்பும் என்று தெருத்தெருவாகக் கத்தியவர். தன் பேச்சைத் தானே நம்பித் தொலைத்தார். மெஷின் பக்கத்தில் சுருண்டு கிடக்கிற அவளுடைய கையை நினைத்துக்கொண்டார். சேர்ந்திருக்கலாம் என்பதில் முத்திரையைக் குத்தி, சீட்டை நான்காக மடித்துப் போட்டுவிட்டு வந்தார்.

பிரியலாம் ஜெயித்தது. சந்துபொந்தெல்லாம் வெடிச்சத்தம். மைக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றினார்கள். தோள்மேல் உட்கார்ந்துகொண்டு மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். பாவம், எத்தனை வருஷத்து உழைப்பு என்று பார்த்தவர்களும் அழுதார்கள்.

இரண்டு கரையிலும் இடைக்காலக் குழுக்கள் உட்கார்ந்தன. உட்கார்ந்ததும் இரண்டுமே ஒரே மாதிரி ஓர் உத்தரவு போட்டன, அதில் மட்டும் என்ன ஒற்றுமை பாருங்கள். மறுகரையிலிருந்து வரவேண்டியது கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இங்கிருந்து எதுவும் போகலாம் என்பது உத்தரவு. ரயில் பெட்டிகளையும் எண்ணெயையும் நினைத்துப் போட்டதுதான். எந்த மகானுக்குத் தோன்றியதோ, ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்தான். ஆனாலும் குறித்த தேதியில் ஆபரேஷனை நடத்திவிடுவது என்று இரண்டு சர்ஜன்களும் பேசிவைத்திருந்தார்கள். பாலத்தில் இன்னும் கதவு போடவில்லை, போடுவதற்குள் முடித்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம்.

அன்று காலை மைக்கை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அறை குளிர்ந்து கிடந்தது. பக்கத்து அறையில் அவளைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். இவரை மேஜையில் ஏற்றி, கையில் ஊசியைக் குத்தி வைத்தார்கள். கருவிகள் வைக்கும் ஸ்டீல் மேஜையின் ஓரத்தில் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. மயக்க மருந்து டாக்டருக்கு உதவியாக நின்ற இளம் நர்ஸ், பச்சை உடுப்பின் கழுத்தோரம் பிரியலாம் வில்லையைக் குத்தியிருந்தாள். மைக்கைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே பெருமை. உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் எல்லாருமே ஓட்டுப் போட்டோம் என்று அவர் காதருகே சொன்னாள்.

சர்ஜன் போனைப் பார்த்து, தொடங்கலாமா என்று கேட்டார். அந்தப் பக்கத்துச் சர்ஜன் கொஞ்சம் தயங்கினார். எங்கள் ஆள் சம்மதிக்கவில்லை என்றார். வரவேண்டியது வந்த பிறகுதான் படுப்பேன் என்று மேஜையிலிருந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறாராம். உத்தரவுக்காக அல்ல. நகத்துண்டுக்காக.

அப்படியென்றால் என்னை முன்னால் அறுங்கள் என்றார் மைக். சர்ஜன் முகக்கவசத்தைக் கீழே இழுத்தார். என் வேலை போவது போகட்டும், உங்களுடையதை எடுத்து அனுப்பிய பிறகு அவர் மாட்டேன் என்றால் பக்கத்து அறையில் இருக்கிற அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். சுவரிலிருந்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சர்ஜன் கையுறையைக் கழற்றிவிடுவார், அவளை வார்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள், பாலத்தில் கதவு போட்டுவிடுவார்கள்.

மைக் போனைத் தன் பக்கம் நகர்த்தச் சொன்னார்.

"லிஃப்ட்காரரே, நான் மைக் பேசுறேன்."

"தெரியுது. அந்தக் குரல் தெரியாதா."

"நான் பேசினது தப்புங்க. வாயில வந்துடுச்சு."

"வாயில வந்ததுன்னு சொல்றீங்க. மனசுல இல்லாமலா வரும்? பெட்டி பாலத்துல பாதி வழியில திரும்பிட்டா நான் என்ன பண்றது? என் கிட்னியும் போய், அவளும் போயிடுவா. எனக்கு உங்க மேல நம்பிக்கை இல்லை. கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. இவர் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். எத்தனையோ கூட்டங்களை மயக்கியவருக்கு ஒரு மனிதரை நம்பவைக்க ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒன்றுதான். அதை யாரிடமும் சொல்வதில்லை என்று அட்டைத் தடுப்புக்குப் பின்னாலேயே முடிவு செய்திருந்தார். தலையைத் திருப்பினால் அந்த வில்லை கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. இந்த அறையில் சொன்னால் சாயங்காலம் ஊர் முழுக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அறிவிப்புத் தொழிலே அவருடையதுதானே.

"நான் ஓட்டுப் போட்டது சேர்ந்திருக்கலாம்னு," என்றார்.

இளம் நர்ஸ் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது.

"சும்மா சொல்றீங்க," என்றது போன்.

"சும்மா சொல்றவன் இந்த ரூம்ல சொல்வானா? இங்க நிக்கறவங்க எல்லாம் என் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போட்டவங்க. நாளைக்கு என் வேன் தெருவுல போகாது. பிரியறதுதான் சரின்னு இப்பவும் சொல்றேன். ஆனா பிரிஞ்சா இவ போயிடுவாளோன்னு பயமா இருந்துச்சு. அதான் மாத்திக் குத்திட்டேன்."

பிறகு லிஃப்ட்காரர் பேசினார்.

"நான் பிரியலாம்னுதான் குத்தினேன். அவ அங்க படுத்துக் கிடக்கும்போது. கொள்கைன்னு நினைச்சேன். பொண்டாட்டிக்காகச் சொந்தக் கட்சியையே ஏமாத்தின ஆளு நீங்க. அவளுக்கு வர்ற கிட்னியைக் கெடுத்துக்க மாட்டீங்க. டாக்டர், நான் படுத்துக்கறேன்."

அவ்வளவுதான். இரண்டு சர்ஜன்களும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டார்கள். மைக்கின் கையில் மருந்து ஏறியது. ஒரே நேரத்தில் இரண்டு கரையிலும் கத்தி வைத்தார்கள். இரண்டு ஆம்புலன்ஸ்கள் பாலத்தின் நடுவில் ஒன்றையொன்று கடந்து போயின. காவலுக்கு நின்றவர்கள் நோயாளிதான் போகிறார் என்று கையசைத்து விட்டுவிட்டார்கள்.

மைக் கண் விழித்தபோது தொண்டையில் குழாய் போட்ட புண். குரல் எழும்பவில்லை. மச்சான் குனிந்து, அக்காவுக்கு வைத்தாகிவிட்டது, வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது மாமா என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. வேனிலிருந்து ஒலிபெருக்கிகளைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டதையும், கதவில் துரோகி என்று பெயிண்டில் எழுதியதையும் அவன் சொல்லவில்லை. தோளில் தூக்கிய அதே ஆட்கள்தான், யார் யார் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த நாள் அவராகவே கேட்டுத் தெரிந்துகொண்டார். இது இவ்வளவோடு போயிற்றே என்றுதான் இருந்தது அவருக்கு. கொஞ்ச நாளில் பாலத்துக்குக் கதவு போட்டார்கள். லிஃப்ட்காரரின் மனைவிக்கும் சிறுநீரகம் ஒத்துக்கொண்டது என்று கதவு போடுவதற்கு முந்தின நாள் பெரிய நர்ஸம்மாவுக்குத் தகவல் வந்தது. அதற்கப்புறம் லிஃப்ட்காரரைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது.

அவளைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். யாரும் உள்ளே போகக்கூடாது. சில நாள் கழித்துத்தான், முகத்தைக் கட்டி, கையைக் கழுவி, அவரை உள்ளே விட்டார்கள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துபோய்க் கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் முகத்தில் வீக்கம் வடிந்து பழைய தாடை தெரிந்தது. கல்யாணத்தன்று பார்த்த முகம் அது.

வேனைப் பற்றி எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குத் தெரிந்தது நோயாளிக்குத் தெரியாமல் இருக்குமா.

"சேர்ந்திருக்கலாம்னு போட்டீங்களாமே," என்றாள்.

அவர் தலையாட்டினார். இனி ஒரு வருஷத்துக்கு இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள், சிரிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. போர்வையின் விளிம்பில் இருந்த தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நான் பிரியலாம்னு போட்டேங்க."

அவருக்குப் புரியவில்லை. மருந்தின் மயக்கத்தில் பேசுகிறாள் என்றுகூட நினைத்தார். அவளா? அவர் வாயைத் திறந்தாலே ஊசியால் குத்துகிறவளா?

"உனக்கென்ன பைத்தியமா? பிரிஞ்சா இந்த கிட்னி வருமோ வராதோன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா போட்டே?"

"நான் எப்படியும் பிழைக்க மாட்டேன்னுதான் நினைச்சேன். கல்யாணமான நாள்ல இருந்து நீங்க வேணும்னு கேட்டது அது ஒண்ணுதான். நானும் ஒரு நாளும் அதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. போறவ, நீங்க கேட்டதைக் கொடுத்துட்டுப் போவோம்னு போட்டேன்."

மைக் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். தொண்டைப் புண் ஆறி இரண்டு நாளாகியிருந்தது, குரல் பழையபடி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்குப் பேச்சு வரவில்லை.